வொர்க்ஃப்ளோ மென்பொருளின் பெரிய அப்கிரேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுப்பு விண்ணப்பம், கொள்முதல் ஒப்புதல், பில் பாஸ் செய்வது, புகார் மனு என்று ஒரு காகிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதைக் கணினியில் நடத்தித் தரும் மென்பொருளைத்தான் இங்கே வொர்க்ஃப்ளோ மென்பொருள் என்கிறேன். அதை அடுத்த பெரிய வெர்ஷனுக்கு மாற்றும் வேலையில் இருப்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது. சிலவற்றுக்கு இல்லை.

பெரிய வெர்ஷன், சின்ன வெர்ஷன் என்று எதை வைத்துப் பிரிப்பது?

வெர்ஷன் எண்ணில் வழக்கமாக மூன்று பகுதிகள் இருக்கும். 7.20.3 என்று வைத்துக்கொள்வோம். கடைசி எண் மாறினால் பிழைத்திருத்தம். நடு எண் மாறினால் புதிய வசதி வந்திருக்கிறது, பழையது கெடாது. முதல் எண் மாறினால் பழையது அப்படியே ஓடும் என்ற உறுதி கிடையாது. எழுதிவைத்த வழக்கம் இதுதான். எல்லா நிறுவனங்களும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை என்பதால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ரிலீஸ் நோட்ஸைத் திறந்து, பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் என்ற பகுதி எத்தனை பக்கம் என்று பாருங்கள். நிலவரம் அங்கேயே தெரிந்துவிடும்.

சில சமயம் பெயர் மட்டும்தான் பழையது. கமுண்டா என்ற வொர்க்ஃப்ளோ மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கமுண்டா 7, ஜாவா மொழியில் எழுதிய உங்கள் நிரலுக்குள்ளேயே உட்கார்ந்து, அதே டேட்டாபேஸைப் பகிர்ந்துகொண்டு ஓடக்கூடியது. 2022 ஏப்ரலில் வந்த கமுண்டா 8, ஸீபி என்ற வேறொரு எஞ்சின் (கோரிக்கைகளைப் படிப்படியாக நகர்த்தும் மையப் பகுதி) மேல் கட்டப்பட்டது. அதில் உங்கள் நிரல் வெளியே நின்று வேலையைக் கேட்டு வாங்கிச் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிபந்தனைகளை எழுதும் மொழிகூட வேறு. எண்ணில் ஒன்றுதான் கூடியிருக்கிறது, வேலையோ வீடு மாறுவது போன்றது. வெள்ளையடிக்கப் போட்ட பட்ஜெட்டில் வீடு மாற முடியாது. மேலதிகாரியிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற வேண்டும்?

புதிய வெர்ஷனின் திரை அழகாக இருக்கிறது என்பதற்காக மாறாதீர்கள். ஆனால் கீழே இருக்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெரிய ஜாவா நிரல்களுக்கான பொதுத்தரமான ஜகார்தா ஈஈயின் 9ஆம் பதிப்பு 2020இல் வந்தது, அது ஜாவா உலகத்தில் வருடக்கணக்காகப் புழங்கிய தொகுப்புப் பெயர்களையே மாற்றியது. ஜாவா நிரல்களைக் கட்டப் பலரும் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட்டின் 3ஆம் வெர்ஷன் (2022 நவம்பர்), ஜாவா 17க்குக் கீழே ஓடவே ஓடாது. உங்கள் வொர்க்ஃப்ளோ எஞ்சின் பழையதென்றால் அதன் அடியில் உள்ள எல்லாமும் பழையதாகவே நிற்க வேண்டியிருக்கும். 2021 டிசம்பரில், எண்ணற்ற ஜாவா நிரல்களுக்குள் இருந்த லாக்4ஜே என்ற துணை நிரலில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, ஆதரவு முடிந்துபோன வெர்ஷன்களை வைத்திருந்தவர்கள் பேட்ச் வருமா என்று கேட்கக்கூட ஆளில்லாமல் இருந்தார்கள்.

சில இடங்களில் நாள் குறிப்பதே நம் கையில் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணப் பகிர்வுச் சேவையான ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் 2010 வகை வொர்க்ஃப்ளோக்கள் 2020 நவம்பரில் நிறுத்தப்பட்டன. 2013 வகைக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 2. கமுண்டா 7இன் இலவசப் பதிப்பில் 2025 அக்டோபரில் வந்த 7.24தான் கடைசி. இப்படி அறிவிப்பு வந்த அன்றே நாள்காட்டியில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணத் தொடங்க வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அனுபவசாலிகளைத் தேடுவார்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரும்பாலானோர் புதிய வெர்ஷனை ஒரு சர்வரில் நிறுவிப் பார்ப்பதில் ஆரம்பிக்கிறார்கள். நான் ஆரம்பிப்பது ஒரு எண்ணிக்கையில். இந்த நிமிடம் எத்தனை கோரிக்கைகள் பாதியில் நிற்கின்றன? ஒவ்வொன்றும் எத்தனை நாளாக நிற்கிறது?

மற்ற மென்பொருள்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். ஒரு கணக்கு மென்பொருளை வெள்ளி மாலை நிறுத்தினால், அதில் இருப்பது முடிந்த வவுச்சர்கள். வொர்க்ஃப்ளோ மென்பொருளை எப்போது நிறுத்தினாலும் அதற்குள் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஒரு கொள்முதல் கோரிக்கை மூன்றாவது கையெழுத்துக்காகக் காத்திருக்கும், ஒரு புகார் பதிலுக்காகக் காத்திருக்கும், ஒரு ஒப்பந்தம் அடுத்த வருடப் புதுப்பித்தலுக்காக டைமரில் தூங்கிக்கொண்டிருக்கும். வெர்ஷன் மாறும்போது ஆபத்து இந்த அரைகுறை வேலைகளுக்குத்தான்.

எனவே டேட்டாபேஸில் ஒரு கேள்வியைப் போட்டு, செயல்முறை வாரியாகவும் வயது வாரியாகவும் ஒரு அட்டவணை எடுங்கள். ஒரு வாரத்துக்குள், ஒரு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், அதற்கும் மேல். நான்கு பத்தி போதும். மூன்று வருடமாக நிற்கும் கோரிக்கை ஒன்றாவது அதில் இருக்கும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது யார் மேசையில் நிற்கிறது என்று பார்த்தால் அந்த ஆள் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருக்கும். இந்தக் குப்பையை முதலில் பெருக்குங்கள். உரிய துறையிடம் பட்டியலைக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி, மூட வேண்டியதை மூடுங்கள். பழைய சர்வரிலேயே செய்ய முடிந்த வேலை இது. புதிதாக எந்த லைசென்ஸும் தேவையில்லை.

இன்னொரு அட்டவணையும் அப்போதே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு செயல்முறையின் வரைபடத்தைத் திருத்தி ஏற்றினால், புதிய கோரிக்கைகள் புதிய படத்தில் ஓடும், ஏற்கெனவே தொடங்கியவை பழைய படத்திலேயே ஓடி முடியும். ஐந்து வருடம் ஓடிய நிறுவனத்தில் ஒரே செயல்முறையின் பதினைந்து பதிப்புகள் உயிரோடு இருப்பது சாதாரணம். நீங்கள் மாற்ற வேண்டியது 20 செயல்முறை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் அது 90 ஆக இருக்கும்.

பாதியில் நிற்கும் கோரிக்கைகளை என்ன செய்வது?

மூன்று வழி இருக்கிறது. ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். ஒரே முடிவை எல்லாவற்றுக்கும் பூசினால் எங்காவது கிழியும்.

முதல் வழி, பழையதைப் பழையதிலேயே முடிய விடுவது. ஒரு நாளிலிருந்து புதிய கோரிக்கைகள் புதிய வெர்ஷனில் மட்டும் தொடங்கும். பழையது மெல்ல வற்றிவிடும். விடுப்பு, பயணச் செலவு போல ஓரிரு வாரத்தில் முடியும் வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. விலை என்னவென்றால், கொஞ்ச காலம் இரண்டு சர்வர், இரண்டு லைசென்ஸ், பயனருக்கு இரண்டு இன்பாக்ஸ். இரண்டையும் ஒரே பட்டியலாகக் காட்டும் ஒரு சின்னப் பக்கம் செய்து கொடுத்தால் பாதித் திட்டு குறையும்.

இரண்டாவது வழி, ஓடும் கோரிக்கையை அப்படியே தூக்கிப் புதிய எஞ்சினில் வைப்பது. இதில்தான் நிபுணத்துவம் வேண்டும். கோரிக்கை எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டும் நகர்த்தினால் போதாது. அதோடு சேர்ந்த தரவுகள், இணைப்புக் கோப்புகள், யார் எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்ற வரலாறு, மிச்சமிருக்கும் டைமர் என்று எல்லாமும் போக வேண்டும். இணையாக இரண்டு கிளை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று முடிந்து மற்றது முடியாமல் நிற்கும் கோரிக்கைகளைத் தனியாகச் சோதியுங்கள். கருவிகள் பெரும்பாலும் இடறுவது அங்கேதான். ஜாவா நிரலின் தரவுகளை அதன் உள்வடிவத்திலேயே (சீரியலைஸ் செய்து) டேட்டாபேஸில் போட்டிருந்தால் இன்னொரு தலைவலி. அந்தத் தரவை வரையறுக்கும் நிரல் பகுதியின் (கிளாஸ்) பெயரோ அமைப்போ மாறிய அன்று பழைய தரவு திறக்காது. மாற்றத்துக்குப் பல மாதம் முன்பே அவற்றை ஜேசனாக (எந்த நிரலும் படிக்கக்கூடிய எளிய உரை வடிவம்) மாற்றி எழுதத் தொடங்கிவிடுங்கள்.

மூன்றாவது வழி, ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வது. கேட்கவே கொடூரமாக இருக்கும், ஆனால் பத்துப் பதினைந்து கோரிக்கைகள்தான் என்றால் உட்கார்ந்து கையால் திரும்பப் போடுவது, ஒரு மாதம் செலவழித்து ஸ்கிரிப்ட் எழுதுவதைவிட மலிவு. நிரலாளர்களுக்கு இதை ஒப்புக்கொள்ள மனசு வராது (எனக்கும் முதலில் வரவில்லை). ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவரிடம் காரணம் சொல்லாமல் மறுபடி கையெழுத்து கேட்டால், அவர் இரண்டாவது முறை படிக்காமலேயே போட்டுவிடுவார்.

ஒரு கோரிக்கை எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதை மென்பொருள் தீர்மானிக்குமா?

தீர்மானிக்கும். இதைக் கவனிக்காமல் மாறியவர்கள் நிறையப் பேர். மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு வொர்க்ஃப்ளோ சேவையான பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஓட்டம் (தொடங்கிய ஒரு கோரிக்கை) அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். 31ஆம் நாள் ஒருவர் வந்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. பழைய ஷேர்பாயிண்ட் வொர்க்ஃப்ளோவில் மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்த ஒப்பந்தம், அங்கே போனதும் காலாவதியாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நிலையை வேறொரு பட்டியலிலோ அட்டவணையிலோ எழுதிவைத்து, ஒவ்வொரு படியையும் தனி ஓட்டமாக உடைக்க வேண்டும். படத்தை அப்படியே திரும்ப வரைந்தால் வேலைக்கு ஆகாது. நீங்கள் எடுத்த வயது அட்டவணை இங்கே மறுபடி உதவும்.

எங்கள் வரைபடமெல்லாம் பிபிஎம்என் தரத்தில்தான் இருக்கிறது. அப்படியே இறக்கிக்கொள்ளலாம்தானே?

படம் வரும். பிபிஎம்என் 2.0 என்பது செயல்முறைகளைப் படமாக வரைவதற்கு, கணினித் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2011இல் வெளியிட்ட பொதுத்தரம், 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. வட்டம், கட்டம், சாய்சதுரம் எல்லாம் எங்கும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எந்த நிரலைக் கூப்பிட வேண்டும், எந்த ஃபார்மைத் திறக்க வேண்டும், தோற்றால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு எஞ்சினும் தன் பாணியில் சேர்த்துக்கொண்ட குறிப்புகள். ஆக்டிவிட்டி என்ற எஞ்சின் 2010இல் பிறந்தது. 2013இல் அதிலிருந்து கமுண்டா பிரிந்தது, 2016இல் ஃப்ளோவபிள் பிரிந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளான இந்த மூன்றுக்குள்ளேயே குறிப்புகள் ஒத்துப்போவதில்லை என்றால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் கருவி மாற்றிய படத்தைத் திறந்து பார்த்து "எல்லாம் வந்துவிட்டது" என்று அறிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நாங்களாக எழுதிச் சேர்த்த நிரல்கள் நிறைய இருக்கின்றன. யார் எழுதியது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

எல்லா இடத்திலும் இதே கதைதான். தெரிந்த நிரல்களைப் பட்டியலிடுவது எளிது. தெரியாத இணைப்புகள்தான் கழுத்தைப் பிடிக்கும். கணக்குப் பிரிவில் ஒருவர் எக்செல் கோப்பிலிருந்து நேராக எஞ்சினின் டேட்டாபேஸை இழுத்து மாதாந்திர அறிக்கை எடுத்துக்கொண்டிருப்பார். அது தகவல் தொழில்நுட்பப் பிரிவில் யாருக்கும் தெரியாது. எஞ்சினின் உள்அட்டவணைகள் எந்த அறிவிப்பும் இல்லாமல் மாறலாம் என்பது அவருக்குத் தெரியாது.

கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், மறைக்கும் எண்ணத்தில் இல்லை, அது ஒரு இணைப்பு என்றே அவர்களுக்குத் தோன்றாது. எனவே ஆட்களிடம் கேட்பதோடு லாகிலும் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவேடு) பாருங்கள். டேட்டாபேஸில் யார் யார் உள்ளே வருகிறார்கள், ஏபிஐயை (மற்ற நிரல்கள் உள்ளே வரும் வாசல்) எந்த முகவரியிலிருந்து யார் கூப்பிடுகிறார்கள் என்று மாதக் கடைசியையும் உள்ளடக்கி ஒரு முழு மாதம் பதிவு செய்யுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஆசாமிகளும் உண்டு, முடிந்தால் மூன்று மாதம். பெயர் தெரியாத கணக்கு எதாவது தென்பட்டால், அறிவித்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை முடக்கிப் பாருங்கள். மதியத்துக்குள் உரிமையாளர் தானே வந்து நிற்பார்.

பட்டியல் கிடைத்ததும் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது புதிய வெர்ஷனில் ஏற்கெனவே உள்ள வசதியா? பத்து வருடம் முன்பு இல்லாத ஒன்றுக்காக எழுதிய நிரல் பலதும் இன்று தேவையே இல்லாமல் இருக்கும். அதைத் தூக்கிப்போடுவதுதான் இந்த அப்கிரேடில் கிடைக்கும் உருப்படியான லாபம்.

டெஸ்ட் எப்படிச் செய்வது? லைவ் டேட்டாவை எடுத்துப் போடலாமா?

போட வேண்டும். கையால் உருவாக்கிய பத்துக் கோரிக்கைகளை வைத்துச் சோதித்தால் பத்தும் அழகாக ஓடும். உண்மைத் தரவில்தான் காலியான புலங்களும், பெயர் மாறிய துறைகளும், நீக்கப்பட்ட பயனர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் நான் பட்ட அவமானம் ஒன்றைக் கேளுங்கள்.

லைவ் டேட்டாபேஸின் நகலை டெஸ்ட் சர்வரில் ஏற்றி எஞ்சினை இயக்கினேன். நகல் மூன்று வாரம் பழையது. எஞ்சின் கண் விழித்ததும் அதன் கணக்கில் நூற்றுக்கணக்கான டைமர்கள் காலம் கடந்திருந்தன. எல்லாம் ஒரே மூச்சில் ஓடி, உண்மையான மேலாளர்களுக்கு உண்மையான மின்னஞ்சலில், எப்போதோ அவர்கள் முடித்துவிட்ட வேலைக்கு "இறுதி எச்சரிக்கை" போயிற்று. மெயில் சர்வரை மாற்றிவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அமைப்புக் கோப்பில் மாற்றியிருந்தேன். முகவரி டேட்டாபேஸிலும் ஒரு இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து டெஸ்ட் சர்வர் வெளியே பேசுவதை நெட்வொர்க் மட்டத்திலேயே அடைத்துவிடுகிறேன். மின்னஞ்சலுக்கு மெயில்பிட் போல, வருவதை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு எங்கும் அனுப்பாத ஒரு கருவி. டைமர்களை ஓட்டும் பகுதியை அணைத்த நிலையில்தான் எஞ்சினை முதல்முறை இயக்குவது. மெயிலாவது பரவாயில்லை, பணம் அனுப்பும் இணைப்பு ஒன்று அந்த எஞ்சினில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்னும் தூக்கம் கெடும். சம்பளம், மருத்துவம், அடையாள எண் போன்ற தரவுகளை மறைத்துவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சோதனையில் தமிழ் எழுத்தையும் சேருங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகும். 'கி' என்ற ஓர் எழுத்து இரண்டு குறியீடு, ஆக 6 பைட். புதிய வெர்ஷனில் குறிப்புப் புலத்தின் அளவு பைட்டில் கணக்கிடப்பட்டால், ஆங்கிலத்தில் 4000 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் சுமார் 1,300 குறியீடுதான் கொள்ளும். நீளமாக எழுதும் தணிக்கையாளர் ஒருவரின் குறிப்பு பாதியில் வெட்டுப்படும்போதுதான் இது தெரியவரும்.

டைமர்களை ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

மாற்றும் அன்றும் அதே கதை நடக்கும் என்பதால். வெள்ளி இரவு நிறுத்தி ஞாயிறு மாலை திறக்கிறீர்கள். இடைப்பட்ட நேரத்தில் காலம் முடிந்த நினைவூட்டல்கள், மேல்மட்டத்துக்குத் தானாகப் போகும் புகார்கள், தானாக ரத்தாகும் கோரிக்கைகள் எல்லாம் திறந்த நிமிடம் வரிசைகட்டி வெடிக்கும். கெடு தேதிகளை முன்கூட்டியே தள்ளிவையுங்கள், அல்லது டைமர்களை நிறுத்திவைத்து வகை வகையாக விடுவியுங்கள். அப்புறம் நேர மண்டலம். பழைய எஞ்சின் சர்வரின் உள்ளூர் நேரத்தைச் சேமித்து, புதியது அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டால் எல்லாக் கெடுவும் சில மணி நேரம் நகர்ந்துவிடும். நாளில் முடியும் கெடுவில் இது கண்ணில் படாது, மணியில் முடியும் கெடுவில் பட்டுவிடும்.

நடுவில் உள்ள வெர்ஷன்களைத் தாண்டிக் குதிக்கலாமா?

டேட்டாபேஸ் அமைப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் கூடாது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருப்பார்கள், வரிசையாக ஓட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு படியிலும் மென்பொருளைத் திறந்து பயனரை உள்ளே விட வேண்டியதில்லை. ஒரே இரவில் ஐந்து ஸ்கிரிப்டையும் ஓட்டிக் கடைசி வெர்ஷனை மட்டும் திறக்கலாம். வரலாற்று அட்டவணையில் கோடிக்கணக்கில் வரிகள் இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்கூட மணிக்கணக்கில் ஓடும், அதனால் பழைய வரலாற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

கொஞ்சம் கொஞ்சமாக. முடிந்த இடத்திலெல்லாம்.

எதிர்ப்பக்கத்துக்குப் பலரும் அறிந்த உதாரணம் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. அது வொர்க்ஃப்ளோ மென்பொருள் மட்டும் அல்ல, முழு வங்கி அமைப்பு. ஆனால் பாடம் பொருந்தும். 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். தரவு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்பில்தான் திறந்த உடனேயே கோளாறுகள் தொடங்கின. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் போட்ட அபராதம் 4.865 கோடி பவுண்ட்.

நம் அளவில் செய்ய வேண்டியது, பாதிப்பு குறைந்த ஆனால் தினமும் ஓடும் ஒரு செயல்முறையை முதலில் மாற்றுவது. பலர் யாருமே பயன்படுத்தாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து "வெற்றி" என்கிறார்கள். வருடத்துக்கு மூன்று தடவை ஓடும் ஒன்றால் எதுவும் தெரியாது. விடுப்பு விண்ணப்பம் நல்ல தேர்வு. எல்லோரும் தொடுவார்கள், தப்பானால் யாரும் நஷ்டப்பட மாட்டார்கள், குறையை உரத்த குரலில் சொல்வார்கள். ஒரு செயல்முறை இன்னொன்றைக் கூப்பிட்டு ஓட்டுகிறது என்றால் மட்டும் அந்த இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

ரோல்பேக் திட்டம் (தப்பானால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி) வேண்டும் என்கிறார்கள். பேக்கப் இருந்தால் போதாதா?

பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தால் பாதி போதும். மீதிப் பாதி கஷ்டமானது. திங்கள் காலை 9 மணிக்குத் திறந்தீர்கள், 9.10க்கு யாரோ ஒப்புதல் கொடுத்துவிட்டார், 9.11க்கு அந்த ஒப்புதலால் வெளி நிறுவனத்துக்கு ஆர்டர் போய்விட்டது. 11 மணிக்கு வெள்ளிக்கிழமை பேக்கப்புக்குத் திரும்பினால் ஒப்புதல் மறைந்துவிடும், ஆர்டர் மறையாது. அந்தக் கோரிக்கை பழைய சர்வரில் மறுபடி ஒருவர் மேசையில் நிற்கும், அவர் மறுபடி அழுத்துவார், இரண்டாவது ஆர்டர் போகும்.

எனவே எந்த நிமிடம் வரை திரும்பலாம் என்பதைத் திட்டத்திலேயே மணி போட்டு எழுதுங்கள். அதற்குப் பின் பிரச்சினை வந்தால் அங்கேயே நின்று சரிசெய்வதுதான் வழி. திரும்பும் கெடு முடிவதற்குள் சோதிக்க, நம்பகமான இருபது பயனர்களை மட்டும் உள்ளே விட்டு, வெளி இணைப்புகளை மூடி வைத்து, ஒரு ஞாயிறு மதியம் முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் யார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு ஆறு பேர் கூடிப் பேசினால் "இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம்" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் முடிவாக வரும்.

மொத்தம் எவ்வளவு காலம் ஆகும்?

ஒத்திகை பார்க்காமல் சொல்லும் எந்த எண்ணும் ஊகம். முழு ஒத்திகை குறைந்தது மூன்று வையுங்கள், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. முதலாவதில் எல்லாம் உடையும். இரண்டாவதில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். மூன்றாவதை, ஸ்கிரிப்டை எழுதாத வேறொருவர் குறிப்பைப் பார்த்து மட்டும் ஓட்ட வேண்டும். அவர் எங்கே நின்று உங்களைக் கூப்பிடுகிறாரோ அங்கே குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

எந்த நாளில் மாற்றுவது?

மாதக் கடைசி, காலாண்டு முடிவு, சம்பளம் போடும் வாரம், தணிக்கைக் காலம், நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் எதுவும் வேண்டாம். மாற்றிய பிறகு முதல் மூன்று நாள் எல்லோரும் வேலையில் இருக்க வேண்டும்.

எப்படியும் மாற்றுகிறோம், செயல்முறைகளையும் அப்படியே சீர்திருத்திவிடலாமே?

ஆசைதான். ஆனால் ஏதோ தப்பாக ஓடும்போது, அது வெர்ஷனால் வந்ததா, நாம் வரைந்த புதிய படத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும். பழையதும் புதியதும் ஒரே கோரிக்கைக்கு ஒரே பாதையில் போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். முதலில் அப்படியே மாற்றுங்கள், ஒரு மாதம் ஓடட்டும், பிறகு சீர்திருத்தம். தேவையற்ற செயல்முறையை நீக்குவது மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதை எவ்வளவு முன்னால் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

மேலே சொன்ன கமுண்டா 8 போல எஞ்சினே மாறும் இடங்களில் இந்த விதியைக் கறாராகப் பிடிக்க முடியாது, சில படங்களை மாற்றித்தான் வரைய வேண்டும். அப்போதும் ஒப்புதல் வரிசையைத் தொடாதீர்கள்.

பயனர்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?

நாற்பது பக்கக் கையேடு வேண்டாம். அவர்கள் கேட்கப்போவது இரண்டே கேள்வி. என் நிலுவை எங்கே, நான் அனுப்பியது எங்கே? இந்த இரண்டுக்கும் படத்தோடு ஒரு பக்கம் போதும்.

அவர்கள் கேட்காமலேயே நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பழைய மின்னஞ்சல்களில் இருக்கும் ஒப்புதல் லிங்குகள் அதில் முதலாவது. மக்கள் இன்பாக்ஸைத் தேடி மூன்று மாதம் பழைய மெயிலில் இருந்து அழுத்துவார்கள், அந்த முகவரி வேலை செய்ய வேண்டும், குறைந்தபட்சம் சரியான இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தது பயனர் அடையாளம். பழையதில் பணியாளர் எண்ணாலும் புதியதில் மின்னஞ்சலாலும் உள்நுழைந்தால், பணியாளர் எண்ணின் பேரில் நிற்கும் நிலுவைகள் எவருடைய பட்டியலிலும் தெரியாது. விடுப்பில் இருப்பவருக்குப் பதில் கையெழுத்துப் போடும் அதிகார மாற்றங்களும் பல சமயம் நகராமல் விட்டுப்போகும். விடுப்பில் இருக்கும் மேலாளர் திரும்பி வரும்வரை அது யாருக்கும் தெரியாது.

முழுவதையும் வெளி ஆட்களிடம் கொடுத்துவிடலாமா?

எஞ்சின் வேலையைக் கொடுக்கலாம். நிலுவைப் பட்டியலில் எதை மூடுவது, எதை நகர்த்துவது என்ற முடிவைக் கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் மூன்று ஒத்திகையையும், மாற்றிய பிறகு வரும் முதல் மாதக் கடைசியையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதற்கு முந்தைய வாரத்தோடு முடிந்துவிடுகின்றன.

பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

நிலுவை பூஜ்யம் ஆன அன்று அணைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் யார், எப்போது, எந்தக் குறிப்போடு ஒப்புதல் கொடுத்தார் என்பது பின்னாளில் தணிக்கையிலோ வழக்கிலோ கேட்கப்படும் ஆதாரம். அதை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டப் பிரிவும் கணக்குப் பிரிவும் எழுத்தில் சொல்லட்டும். பழைய மென்பொருள் ஓடினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் அந்த வரலாற்றை விடாதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பிடிஎஃப்பும், தேடுவதற்குச் சாதாரண அட்டவணை ஒன்றும் எடுத்துவையுங்கள். அதன் பிறகு பழைய சர்வரைப் படிக்க மட்டும் முடியும்படி வைத்து, ஒரு காலாண்டு முடிவும் ஓர் ஆண்டு முடிவும் கடக்கட்டும். அதற்குள் யாரும் உள்ளே வரவில்லை என்று லாக் சொன்னால் அணைத்துவிடுங்கள். வந்திருந்தால், அந்த எக்செல் கோப்பு இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.